மலைக் கம்பளியும் நம் பெண்களின் கைப்பக்குவமும்

நான் ஆலங்குளத்துக்காரி. பத்தாம் வகுப்போடு படிப்பு நின்னுபோச்சு. வீட்டு வேலை, பீடி, குழுவில் கணக்கு எழுதுவது, இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உலகம். சிறப்பு மலருக்கு வரலாறு பற்றி எழுதச் சொன்னார்கள். ராஜாக்கள் வரலாற்றைப் படித்தவர்கள் எழுதட்டும். நான் நம் வீட்டுப் பரணில் கிடக்கும் கறுப்புக் கம்பளியின் வரலாற்றை எழுதுகிறேன்.

வெயில் கொளுத்துகிற ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். குற்றாலத்தில் சாரல் விழுகிற மாதத்தில் ஒரு போர்வை எடுப்போம், அவ்வளவுதான் நம் ஊர்க் குளிர். ஆனால் தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களில் மலைக்குப் போய்ப் பிழைத்த குடும்பம் இல்லாத தெரு குறைவு. இலங்கைக்குப் போனார்கள். மூணாறுக்கும் வால்பாறைக்கும் போனார்கள். மாஞ்சோலைக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது தகரப் பெட்டியோடு ஒரு கம்பளியும் வந்தது. அந்தக் கம்பளிக்குப் பின்னால் கடன் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. அதைப் பல வருஷம் கெடாமல் காத்த பெண்களின் கைப்பக்குவமும் இருக்கிறது.

நம் ஊர் பருத்தி ஊர்

முதலில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நம் பக்கத்தில் கிடை போடுகிற ஆடுகளுக்குக் கம்பளி கிடையாது. கீழக்கரிசல் ஆட்டுக்கும் வேம்பூர் ஆட்டுக்கும் உடம்பில் இருப்பது குட்டை முடிதான். அதைக் கத்தரித்து நூல் நூற்க முடியாது. தமிழ்நாட்டில் கம்பளி தருவது கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குரும்பை ஆடு, நீலகிரி ஆடு, திருச்சிப் பக்கத்துக் கறுப்பு ஆடு மாதிரி சிலதுதான்.

அதனால் நம் முன்னோர் உடுத்தியது எல்லாம் பருத்தி. துவைக்கிற முறையும் பருத்திக்கு ஏற்ற முறைதான். உவர்மண்ணைக் கரைத்து, துணியை அதில் முக்கி, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து வெளுப்பார்கள். உவர்மண்ணில் சோடா உப்பு இருக்கிறது. அது அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடும். பருத்தி அந்தக் காரத்தையும் ஆவியையும் அடியையும் தாங்கும். 1888-ல் இங்கிலாந்திலிருந்து சன்லைட் சோப்பு கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது. பிறகு 1959-ல் சர்ஃப், 1969-ல் நிர்மா என்று தூள்கள் வந்தன. பெயர்தான் மாறியது. காரம் போட்டு அடித்துத் துவைக்கிற பழக்கம் அப்படியே இருந்தது.

கம்பளிக்கு இந்த மூன்றும் ஆகாது. காரம் ஆகாது, வெந்நீர் ஆகாது, அடி ஆகாது. கீழே இருந்து மலைக்குப் போன பெண்கள் இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கறுப்புக் கம்பளி நெய்த கைகள்

தென்னிந்தியாவில் முரட்டுக் கறுப்புக் கம்பளிக்குப் பேர்போன இடங்கள் கர்நாடகத்தில் பெல்லாரி, சித்ரதுர்கா பக்கத்தில் உள்ள சள்ளக்கெரே, ஆந்திராவில் அனந்தபூர் போன்ற வறண்ட சீமைகள். அங்கே ஆடு மேய்க்கும் குருபர் சமூகத்தார் ஆட்டு ரோமத்தைக் கத்தரிப்பார்கள். பெண்கள் நூற்பார்கள், ஆண்கள் குழித்தறியில் நெய்வார்கள். நூலுக்கு விறைப்புக் கொடுக்கப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைப் பூசுவார்கள். அந்தப் பசையும், ரோமத்தில் இயற்கையாக இருக்கிற எண்ணெய்ப் பசையும் சேர்ந்துதான் மழைத்தண்ணீரைச் சட்டென்று உள்ளே விடாமல் வழிய வைக்கும். புதுக் கம்பளியை எடுத்த எடுப்பில் சோப்புப் போட்டுத் துவைத்தால் இரண்டும் போய்விடும். அப்புறம் அது மழைக்குத் தாங்காத வெறும் முரட்டுத் துணிதான். பெரியவர்கள் கம்பளியை அடிக்கடி துவைக்காததற்குச் சோம்பல் காரணமில்லை.

ஆலைக் கம்பளியும் வந்தது. கான்பூரில் 1876-லேயே கம்பளி ஆலை தொடங்கிவிட்டது. லால் இம்லி என்று அதைச் சொல்வார்கள்.

இலங்கைக் கம்பளி: பற்று எழுதிய போர்வை

வெள்ளைக்காரர்கள் இலங்கை மலையில் முதலில் காப்பி போட்டார்கள். 1869-ல் காப்பிச் செடியில் இலைநோய் விழுந்தது. பிறகு எங்கும் தேயிலை. வேலைக்குத் திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம், திருச்சிப் பக்கத்துச் சனங்களைக் கங்காணிகள் கூட்டிப் போனார்கள். ஆரம்பத்தில் மன்னாரில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயிலிலும் கப்பலிலும் போனார்கள்.

கொடும் வெயிலில் வளர்ந்த உடம்பு. போய்ச் சேர்ந்ததோ நுவரெலியா மாதிரி 6000 அடிக்கு மேலே இருக்கிற குளிர். போனவுடன் அவர்களுக்குக் கொடுத்தது அரிசியும் கம்பளியும். பகலில் கம்பளியை மடித்துத் தலையில் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக் கொழுந்து எடுப்பார்கள். கயிறு நெற்றியை அறுக்காது, மழையும் நேரே தலையில் விழாது. இடுப்பில் படங்கு என்கிற சாக்கைக் கட்டிக்கொள்வார்கள். ராத்திரி லயத்தில் அதே கம்பளிதான் பிள்ளைக்கும் தாய்க்கும் போர்வை. நம் வாயில் இருந்த "கம்பளி" என்ற சொல்லையே துரைமார் "கம்ப்ளி" என்று தங்கள் கணக்கில் எழுதினார்கள்.

கணக்கில் எழுதினார்கள் என்றேன் அல்லவா, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அது சும்மா கொடுத்த கம்பளி இல்லை. கப்பல் செலவு, அரிசி, கம்பளி எல்லாம் தொழிலாளி பேரில் பற்று எழுதப்பட்டது. சம்பளத்தில் பிடித்தார்கள். கடன் தீராதவர் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" என்று ஒரு சீட்டு. அதில் அவர் கடன் எவ்வளவு என்று இருக்கும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். 1921-ல்தான் இந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் தெரியாமல் கம்பளியை வெந்நீரில் போட்டு அடித்துத் துவைத்தால் அது சுருங்கிக் கட்டை மாதிரி ஆகிவிடும். அடுத்த கம்பளி வாங்க வேண்டும். அடுத்த பற்று விழும். ஒரு கம்பளி 1 வருஷத்துக்குப் பதில் 3 வருஷம் தாங்கினால் 2 பற்று குறைகிறது. அப்படிப் பார்த்தால் அந்தப் பெண்கள் கம்பளியைப் பக்குவமாகக் காத்ததும் ஒரு சேமிப்புத்தான். அதை எந்தப் புத்தகத்திலும் யாரும் வரவு வைக்கவில்லை.

எங்க ஆச்சி போட்ட கரிக்கோடு

எங்க அப்பாவைப் பெற்ற ஆச்சி கல்யாணம் ஆன புதிதில், 1950-களின் தொடக்கத்தில், மேற்கு மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனவுக. எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வருஷம் ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் சேர்த்து ஒரு கம்பளிதான் கொடுத்தார்களாம். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரிந்த ஒருத்தரிடம் காட்டினால் 2 கம்பளிக்குப் பிடித்திருக்கிறது. போய்க் கேட்டதற்கு, "எழுதினது எழுதினதுதான்" என்று பதில் வந்ததாம். காசு திரும்பவில்லை.

அன்றையிலிருந்து ஆச்சி லயத்துச் சுவரில் கரியால் கோடு போட ஆரம்பித்தாக. வேலைக்குப் போன நாளுக்குச் சின்னக் கோடு, அரிசி வாங்கினால் வட்டம், கம்பளி வாங்கினால் நீளக் கோடு. அந்தக் கம்பளியை 11 வருஷம் வைத்திருந்தேன் என்று பெருமையாகச் சொல்லுவாக. "அவன் ரெண்டு எழுதினான், நான் ஒண்ணை ரெண்டு மூணு ஆக்கிட்டேன்" என்பாக. ஆச்சி சொல்லிக் கொடுத்த பக்குவத்தைத்தான் கீழே எழுதப் போகிறேன். அதற்கு முன்னால் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

கம்பளி உரிமையான கதை

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1954 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 வரை நடைமுறையில் இருந்த அந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் குடை, கம்பளி, மழைக்கோட்டு என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தது. தொழிலாளர்களை மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காக்க முதலாளி எத்தனை, எந்த மாதிரிக் கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என்று அந்தப் பிரிவு சொன்னது. துரை பார்த்துக் கொடுக்கிற பொருளாக இருந்த கம்பளி, சட்டத்தில் எழுதிய பொருளாக மாறியது. உழைத்தவர்கள் சங்கம் கட்டி, கேட்டுக் கேட்டு வந்த மாற்றம் இது.

நமக்குப் பக்கத்தில் உள்ள மலைத் தோட்டம் மாஞ்சோலை. மணிமுத்தாறு அணைக்கு மேலே இருக்கிறது. சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் 8,300 ஏக்கருக்கு மேல் காட்டை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அந்தப் பகுதிகளுக்குப் பெயர். நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் சேர்ந்தவை. வருஷத்தில் பாதி நாள் துணி காயாது. 1999 ஜூலை 23-ல் அந்தத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் உயிர் விட்டதை நம் மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. 2024-ஆம் ஆண்டு நடுவில் அங்கே தோட்ட வேலை நின்றது. 4 தலைமுறை மலையில் வாழ்ந்த குடும்பங்கள் கீழே இறங்குகின்றன. கம்பளியும் இறங்குகிறது. அதை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரிந்தவர்களும் அவர்கள்தான்.

கம்பளி ஏன் சுருங்குகிறது

ஆட்டு ரோமம் நம் தலைமுடி மாதிரியே ஒரு வகைப் புரதம். அந்த இழையைப் பெரிதாக்கிப் பார்த்தால் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் சோப்பிலும் வைத்துத் தேய்த்தால் ஒரு இழையின் செதில் இன்னொரு இழையில் மாட்டிக்கொள்ளும். மாட்டினது பிறகு பிரியாது. அதுதான் சுருக்கம். எண்ணெய் வைக்காத முடி சிக்கு விழுந்து சடை ஆகிறது மாதிரி என்று ஆச்சி சொன்னது சரியான உவமைதான்.

காரம் அந்தப் புரதத்தைத் தின்னும். இப்போது வருகிற சில சோப்புத் தூள்களில் கறை எடுக்க நொதி என்று ஒரு பொருள் சேர்க்கிறார்கள். ரத்தக் கறை, பால் கறை போன்ற புரதக் கறையை அரிக்க வந்த பொருள் அது. கம்பளியும் புரதம் என்பதால் அதையும் அரிக்கும். ப்ளீச்சிங் பவுடர் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது.

முதலில் அது கம்பளிதானா என்று பார்க்க வேண்டும். வளைகுடாவிலிருந்து வருகிற பூப்போட்ட வழுவழுப்பான போர்வைகளும் கடையில் மலிவாகக் கிடைக்கிற சுவெட்டர்களும் பெரும்பாலும் செயற்கை நூல். ஓரத்தில் ஒரு நூலை உருவி, ஒரு தட்டில் வைத்து நெருப்புக் காட்டுங்கள். முடி கருகுகிற நாற்றம் வந்து, விரலால் நசுக்கினால் பொடியானால் அது கம்பளி. உருகிக் கெட்டியான மணி மாதிரி ஆனால் செயற்கை. செயற்கை நூலைச் சாதாரணத் துணி மாதிரித் துவைக்கலாம். ஆனால் அடுப்புப் பக்கம் அதைப் போர்த்திக்கொண்டு போகாதீர்கள். உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

துவைக்கிற பக்குவம்

எதற்கெடுத்தாலும் துவைக்காதீர்கள். நிழலில் காற்றாட விரித்துப் போட்டு, பிரம்பால் மெதுவாகத் தட்டினாலே பாதித் தூசி போய்விடும். கறை பட்ட இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைக்கலாம்.

துவைத்தே ஆக வேண்டும் என்றால் பூந்திக்கொட்டைதான் நல்லது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். ஒரு சுவெட்டருக்கு 7, 8 கொட்டை எடுத்து, உள்விதையை நீக்கிவிட்டு, மேல்தோலை ராத்திரி தண்ணீரில் ஊற வையுங்கள். காலையில் கசக்கி வடிகட்டினால் நுரை வரும். நம் பக்கம் பல இடத்தில் போர்த்தண்ணீர் உப்பு. அதில் கட்டி சோப்பைப் போட்டால் நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து கம்பளியில் ஒட்டிக்கொள்ளும். பூந்திக்கொட்டை உப்புத் தண்ணீரிலும் திரியாது. கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும். பூந்திக்கொட்டை கிடைக்காவிட்டால் கம்பளிக்கென்றே வருகிற ஈஸி மாதிரி திரவ சோப்பு ஒரு மூடி போதும்.

தண்ணீர் பச்சைத் தண்ணீராகவோ, முழங்கையை விட்டால் சூடு தெரியாத வெதுவெதுப்பாகவோ இருக்கட்டும். அலசும் தண்ணீரும் அதே பதத்தில் இருக்க வேண்டும். வெந்நீரில் முக்கிப் பச்சைத் தண்ணீரில் அலசினால் சுருங்கும். 10 நிமிஷத்துக்கு மேல் ஊற வேண்டாம். பிரஷ் போடக் கூடாது, கல்லில் அடிக்கக் கூடாது. பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். கடைசி அலசலில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்தால் மிச்சம் இருக்கிற காரம் முறியும்.

முறுக்கிப் பிழியாதீர்கள். ஈரக் கம்பளிக்குப் பலம் குறைவு. ஒரு பழைய வேட்டியில் விரித்துப் பாய் சுருட்டுகிற மாதிரிச் சுருட்டி மேலே கையால் அழுத்துங்கள். தண்ணீரை வேட்டி குடித்துவிடும். கொடியில் தொங்க விட்டால் தண்ணீர்ப் பாரத்தில் சுவெட்டர் முழங்கால் வரைக்கும் நீண்டுவிடும். நார்க்கட்டிலில் துணி விரித்து, அதன்மேல் உருவம் கெடாமல் பரப்பி, நிழலில் காய வையுங்கள். கட்டிலுக்குக் கீழேயும் காற்று போகும், நன்றாகக் காயும். மலையில் வெயிலே இல்லாத மாதங்களில் அடுப்புக்கு மேலே பரணில் பரப்பிக் காய வைப்பார்களாம். அந்தப் புகை வாசனையோடுதான் ஆச்சியின் கம்பளி எங்களுக்கு நினைவிருக்கிறது.

எடுத்து வைக்கிற பக்குவம்

கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. பூச்சி வந்து முட்டை போடும், புழு ரோமத்தைத் தின்னும். வியர்வை, எண்ணெய், சாப்பாட்டுக் கறை இருந்தால் இன்னும் ஆசையாக வரும். அதனால் அழுக்கோடு உள்ளே வைக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு, பழைய பருத்திச் சேலையில் சுற்றி, நிழலில் உலர்த்திய வேப்பிலை, நொச்சி இலை, ஒரு துண்டு வசம்பு போட்டு வைக்கலாம். இவை விரட்டத்தான் செய்யும், ஏற்கெனவே இருக்கிற முட்டையைக் கொல்லாது. ஆகவே 2 மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறிக் காற்றாடப் போட வேண்டும்.

அந்துருண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பச்சைப் பிள்ளைகளுக்குப் போர்த்துகிற கம்பளியிலும் குல்லாவிலும் அது வேண்டவே வேண்டாம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை இருக்கும், வெளியே தெரியாது. அந்துருண்டை வாடை பட்டால் அவர்களுக்கு ரத்தச் சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கண்டு உயிருக்கே ஆபத்தாகலாம். பிள்ளைத் துணிக்கு வேப்பிலையே போதும். போர்த்துவதற்கு முந்தின நாள் எடுத்துக் காற்றாட வையுங்கள்.

நம் புத்தகம் நம் கையில்

பீடி சுற்றுகிற நமக்கு இந்தக் கணக்கு புதிதில்லை. இலை நிறுத்துக் கொடுக்கும்போது எவ்வளவு குறைந்தது, பீடியில் கழிவு எவ்வளவு போட்டார்கள் என்று நாமும் விரல் விட்டு எண்ணினவர்கள்தான். எழுதுகிற கை ஒருத்தருடையது, பற்று விழுகிற பெயர் இன்னொருத்தருடையது என்று இருந்த காலம் அது.

தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் தருமபுரியில் தொடங்கின. அதற்குப் பிறகு நடந்த மாற்றங்களில் எனக்குப் பெரிதாகத் தெரிவது இதுதான்: சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று கூட்டத்தில் சத்தமாகப் படிக்கிறோம், படித்த பிறகு கையெழுத்துப் போடுகிறோம். படிக்கத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் படித்துச் சொல்கிறாள். கரிக்கோடு போட்ட ஆச்சிக்கு அப்படிப் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால் இரண்டாவது கம்பளியை யாரும் எழுதியிருக்க முடியாது.

உங்கள் தெருவில் மலையிலிருந்து இறங்கி வந்த அக்கா, மைனி, ஆச்சி யாராவது இருப்பார்கள். அவர்களைக் குழுவில் சேருங்கள். கம்பளியை எப்படிக் காத்தீர்கள், அதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த மலரில் அதைப் போடலாம்.